ஹம்பாந்தோட்டையில் ஏழரை மணித்தியாலம்: ஒரு பண்டாரவளை வேன் பற்றி

இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் சொந்தக்காரர்களை ஒரே நாளில் மலைக்கு ஏற்றி இறக்க முடியுமா என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியும். 2023 ஜூலையில் பண்டாரவளை நானா ஒருவரின் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்) கேடிஎச் வேனில் என் அக்காவை ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்திலிருந்து கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் எங்கள் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப்போய், கப்பல் கிளம்புமுன் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். அந்த வேனைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் வேனைப் பற்றிச் சொன்னால் விளங்காது.

அக்கா 1974இல் போனவர். மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்குபோட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அத்தானுக்கு இந்தியப் பிரஜாவுரிமை வந்தது. எங்கள் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். ஹப்புத்தளை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வந்தோம். அந்த ரயிலை அழுகைக் கோச்சி என்று சும்மா சொல்லவில்லை. தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'கப்பல்' என்ற சொல் நல்லதற்கு வந்ததே இல்லை. நான் இரண்டு தரம் கோத்தகிரி போய்ப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு தரமும் இங்கே வரவில்லை.

2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியது. அக்கா மகன் கோயம்புத்தூரில் வேலை செய்கிறான். அம்மாவுக்கு ஒரு கப்பலையாவது சந்தோசமாகக் காட்ட வேண்டும் என்று சொல்லி, மனைவி பிள்ளைகளோடு சேர்த்து டிக்கட் போட்டுவிட்டான். திங்கள் சென்னையில் ஏறி, செவ்வாய் முழுக்கக் கடலில் இருந்து, புதன் காலை ஹம்பாந்தோட்டை. அன்று மாலையே கிளம்பி மறுநாள் திருகோணமலை.

அந்தப் புதன்கிழமையை என்ன செய்வது என்பதுதான் மூன்று கிழமையாக வட்ஸ்அப்பில் எங்கள் பேச்சு. கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாக்களில் பிள்ளைகளுக்கு யானை பார்க்கும் சஃபாரி பிடித்திருந்தது. நான் கதிர்காமம் என்றேன். ஹம்பாந்தோட்டையிலிருந்து ஒரு மணித்தியாலம்தான், பகல் பூசை பார்த்துவிட்டு ஆறுதலாகத் திரும்பலாம். மகன் எல்ல போகலாம் என்றான். ஒன்பது வளைவுப் பாலத்தை யூடியூப்பில் பார்த்திருக்கிறான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "கதிர்காமத்தான் அங்கயேதான் இருப்பான். எனக்கு அப்பாவப் பொதைச்ச எடத்தப் பாக்கணும்."

அப்பா 1988இல் இறந்தார். தந்தி போனது. தலைமன்னார்க் கப்பல் 1984லேயே நின்றுபோயிருந்தது. விமானத்தில் வர அக்காவிடம் காசு இல்லை. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பிள்ளைகளும் மருமகளும் சஃபாரிக்கு, அக்காவும் மகனும் என்னோடு என்று முடிவானது.

ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். கப்பல்காரர்களின் சொந்தச் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நாமாக வாகனம் பிடித்துப் போனால் காத்திருக்காது. அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இன்னொரு தரம் அக்காவைக் கப்பலோடு சேர்த்து அழவைக்க எனக்கு மனமில்லை.

நான்கு வேன்காரர்களிடம் பேசினேன். மூவர் சரி டீச்சர், சரி டீச்சர் என்று விலையை மட்டும் சொன்னார்கள். இந்த நானா ஒருவர்தான் விலை பேசுமுன் கேள்வி கேட்டார். "கப்பல் வாற நேரம் வேணாம் டீச்சர். எல்லாரும் உள்ள ஏறி முடியோணும்னு ஒரு நேரம் சொல்லுவாங்களே, அதச் சொல்லுங்க." மகனிடம் கேட்டேன். மாலை ஐந்து மணி. கப்பல் கிளம்புவது ஆறு மணிக்கு, ஆனால் ஐந்துக்கு எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். நானா போனிலேயே கணக்குப் போட்டார். ஹம்பாந்தோட்டையிலிருந்து லுணுகம்வெஹெர, தணமல்வில வழியாக வெல்லவாய வரை சமதரை. அங்கிருந்து ஏற்றம். தோட்டத்து உடைந்த ரோட்டோடு சேர்த்துப் போக இரண்டரை மணித்தியாலம், வர அதே அளவு. டயர் வெடித்தாலோ யானை ரோட்டை மறித்தாலோ என்று அரை மணித்தியாலத்துக்கு மேல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். "அங்க ரெண்டு மணித்தியாலம் நிக்கலாம். அதுக்கு மேல ஒரு நிமிசமும் என்னால தர ஏலாது." இந்தக் கண்டிப்புக்காகவே அவரைப் பிடித்தேன்.

அது ஒரு வாகனத்துக்குக் கிழமைக்கு இவ்வளவுதான் என்று எரிபொருளுக்கு கியூஆர் கோட்டா இருந்த காலம். அந்த வருடம் செப்டம்பரில்தான் அதை எடுத்தார்கள். இந்த ஓட்டம் 450 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும் என்று, முந்திய கிழமையே வேறு ஹயர்களைக் குறைத்து டீசலைச் சேர்த்து வைத்திருந்தார். கேட்காமலே செய்தது.

காலை நாலரைக்குக் கிளம்பினோம். இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போது இன்னும் இருட்டு. வெல்லவாயவில் விடிந்தது. துறைமுகத்தில்தான் சிக்கல். வெளி வாகனங்களை உள்ளே விடமாட்டார்கள், பயணிகளைப் பஸ்ஸில் கொண்டுவந்து வாசலில் இறக்குவார்கள். எந்த வாசல் என்று முதல் நாள் எங்களுக்குச் சொன்ன முகவர் தவறான வாசலைச் சொல்லியிருந்தார். நாற்பது நிமிடம் அங்கே நின்றோம். நானாதான் ஒரு காவலாளியிடம் சிங்களத்தில் பேசி விசாரித்து, வேனைத் திருப்பிக்கொண்டு போனார். ஒன்பது இருபதுக்கு அக்கா கழுத்தில் கப்பல் அட்டையைத் தொங்கவிட்டபடி இறங்கி வந்தார். நாற்பத்தொன்பது வருடம். அந்த வாசலில் நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை.

கேடிஎச்சின் படி உயரம். அக்காவுக்கு முழங்கால் தேய்மானம். நானா சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மரப்பலகையை எடுத்துத் தரையில் வைத்தார். முழங்கால் என்று நான் போனில் ஒரு தரம் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். அன்று அக்கா ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும் அந்தப் பலகை வந்தது.

வெல்லவாய வரை கப்பல் கதைதான். அக்காவுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை. விடிந்ததா இருட்டா என்று தெரியாமல் முதல் நாள் இரவு மூன்று தரம் எழுந்து வெளியே போய்ப் பார்த்திருக்கிறார். பிறகு விடியற்காலை மேல்தட்டுக்குப் போய்ச் சூரியன் வருவதைப் பார்க்கப் பழகிக்கொண்டார். சாப்பாட்டுக்குக் குறை இல்லை, சைவத்துக்குத் தனி இடம், எந்நேரமும் ஏதோ இருக்கும். ஆட்டம் பாட்டு, நீச்சல் குளம், சூதாட்ட அறை எல்லாம் பேரப்பிள்ளைகள் சுற்றிக் காட்டினார்களாம். செவ்வாய் முழுக்க போன் வேலை செய்யாது, கப்பல் வைஃபைக்குத் தனிக் காசு. அதனால் திங்கள் பகலிலேயே வேன் நம்பரையும் நிறத்தையும் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தேத்தண்ணிதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்கு நூலில் கட்டிய பையைக் கொடுத்திருக்கிறார்கள். "சாயம் எறங்குது, சாரம் இல்ல."

இன்னொன்றும் சொன்னார். கப்பல் கிளம்புமுன் எல்லோரையும் கூட்டி, ஆபத்து வந்தால் எங்கே நிற்க வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிப் போட வேண்டும் என்று காட்டினார்களாம். அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்திருக்கிறது. "ராமானுஜத்துல ட்ரங்குப் பொட்டி மேல உக்காந்து போனோம். செத்தாக்க என்ன செய்யணும்னு யாரு சொன்னா? இங்க ஒவ்வொரு ஆளாப் பேர் பாத்து நிக்க வைக்கிறான்."

போகும்போது எங்கும் நிற்கமாட்டேன், வரும்போது நேரம் மிஞ்சினால் கேளுங்கள் என்பது நானாவின் சட்டம். மகன் தியலும நீர்வீழ்ச்சியில் ஒரு படம் எடுக்கக் கேட்டான். 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், ஜூலை வெயிலில் நூலாய் இருந்தது. நானா வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. கொஸ்லந்தையில் மீரியபெத்தைப் பக்கம் கையைக் காட்டி, 2014இல் மண்சரிந்த இடம் என்று நான் சொன்னேன். அக்கா அங்கே தன்னோடு வேலை செய்த இரண்டு பேரின் பெயரைச் சொல்லி விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டுக்குத் தோட்டத்தில் இருந்தோம். சித்தப்பா பேரன் வீட்டில் கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் சுட்டு வைத்திருந்தார்கள். அக்கா கேட்ட சாப்பாடு அதுதான். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்தார், மூன்று கோப்பை. இப்போது ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, எவ்வளவு சம்பளம் என்று கேட்டார். ஆயிரம் ரூபா என்றார்கள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மாதக் கடைசியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் நடக்கப் போகிறார்கள், நாம் வந்து இருநூறு வருடம் என்று சித்தப்பா பேரன் சொன்னான். "நடந்து வந்தோம், கப்பல்ல அனுப்பிச்சாங்க" என்றார் அக்கா.

பிறகு மயானம். அப்பாவின் மேட்டைச் சுற்றிப் புல்லை முதல் நாளே வெட்டியிருந்தார்கள். அக்கா கற்பூரம் ஏற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் தள்ளி நின்றோம். ஒன்றே முக்காலுக்கு நானா கீழேயிருந்து நடந்து ஏறி வந்தார். மலையில் எத்தனையோ சாரதிகள் இந்த இடத்தில் ஹோர்ன் அடித்திருப்பார்கள். அவர் வந்து என் பக்கத்தில் நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி, "பதினஞ்சு நிமிசம் இருக்கு டீச்சர், அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம், பத்து நிமிசம் கழிச்சிச் சொல்லுங்க" என்றார். நான் அப்படியே செய்தேன். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இரண்டுக்குக் கிளம்பினோம். மணிக்கு எழுபதுக்கு மேல் ஓட்டவில்லை. தணமல்விலவில் நேரம் இருக்கிறது என்று அவராகவே நிறுத்தினார். மண்சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வாங்கி வேனுக்குள்ளேயே சாப்பிட்டோம். வெளிச் சாப்பாட்டைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள் என்று மகன் சொல்லியிருந்தான். மூடிக் கட்டிய தேயிலைப் பக்கெட் இரண்டை மட்டும் பையில் வைத்துவிட்டேன். நாலு இருபத்தைந்துக்கு வாசல். இந்தியாவுக்கும் நமக்கும் மணி ஒன்றுதான் என்பதால் கப்பல் நேரமா ஊர் நேரமா என்ற குழப்பம் வரவில்லை. வேறு நாட்டுப் பக்கமிருந்து வரும் கப்பலென்றால் அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், அரை மணித்தியால வித்தியாசமே ஆளை விட்டுவிட்டுப் போகப் போதும்.

பலகை கடைசித் தடவையாகத் தரைக்கு வந்தது. அக்கா இறங்கி, அழாமல், திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

குறைகளும் உண்டு. ஏற்றத்தில் ஏசி செத்துவிடுகிறது, கண்ணாடியைத் திறந்துதான் வர வேண்டும். இரண்டாவது வரிசையில் ஒரு சீட்டுக்கு பெல்ட் இல்லை. சொன்னேன், போடுவதாகச் சொன்னார். பின் சீட்டு உயரமானவர்களுக்கு இடுப்பை உடைக்கும். அன்று கொடுத்த விலை 52,000 ரூபா, காத்திருப்பும் நானாவின் சாப்பாடும் அதற்குள். மற்ற மூவரில் ஒருவர் 44,000 சொன்னார். வித்தியாசம் பெரிதுதான், ஓய்வூதியத்தை நெருங்கும் ஆசிரியைக்கு இன்னும் பெரிது. நான் வருத்தப்படவில்லை.

அக்காவின் பக்கத்து வீட்டில் பசறைக்காரக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களும் இதே கப்பலில் வந்து ஊரைப் பார்க்க ஆசைப்பட்டு நானாவின் நம்பரைக் கேட்டார்கள். கொடுத்தேன். அவர் கணக்குப் பார்த்துவிட்டு, எல்லவையும் பதுளையையும் தாண்டி பசறைக்குப் போய் ஐந்து மணிக்குள் துறைமுகத்துக்குத் திரும்ப முடியாது, விமானத்தில் வந்து நாலு நாள் தங்கிப் பாருங்கள் என்று ஹயரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.