கர்னல் பேனிக் வந்ததும் "டிஸ்க் போச்சு" என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்

உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) வைத்திருப்பவர்கள் லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். தம்பியின் லேப்டாப்பில் அப்டேட் ஓடி, ரீஸ்டார்ட் செய்ததும் "கர்னல் பேனிக்" (இயங்குதளத்தின் மையமான கர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிடுவது) என்று ஆரம்பித்து "அன்னோன் பிளாக் (0,0)" என்று முடியும் ஒரு வரியோடு திரை நின்றுவிட்டது. நான் வெளியூரில் இருந்தேன், அவனுக்கு அவசரம், பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் கொடுத்துவிட்டான். கடைக்காரர் ஆன் பண்ணிப் பார்த்த கையோடு "டிஸ்க் போச்சு தம்பி, உள்ளே இருந்தது எதுவும் வராது" என்று சொல்லி, புது எஸ்எஸ்டி, சர்வீஸ் சார்ஜ் என்று 5,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காமலேயே லைசென்ஸ் இல்லாத விண்டோஸையும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்.

நல்லவேளை, பழைய டிஸ்கை அவன் கேட்டு வாங்கி வந்திருந்தான். யூஎஸ்பி கேஸில் போட்டு என் கணினியில் சொருகினால் எல்லா ஃபைலும் அப்படியே திறக்கிறது, டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் சோதனையிலும் ஒரு பழுதும் இல்லை. கணினி எழும்போது தேவைப்படும் ஃபைல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷனுக்குள் பார்த்தால் பழைய கர்னல்கள் குவிந்து 100% நிரம்பிக் கிடக்கிறது. புது கர்னலின் விஎம்லினஸ் (கர்னல் ஃபைல்) இருக்கிறது, அதோடு வரவேண்டிய, கர்னல் எழத் துணை செய்யும் இனிட்ஆர்டி ஃபைலைக் காணோம். இடமில்லாமல் பாதியில் நின்ற அப்டேட், அவ்வளவுதான். அந்த ஃபைல் இல்லாவிட்டால் கர்னலுக்கு ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளம் இருக்கும் பகுதி) எங்கே என்றே தெரியாது, விழத்தான் செய்யும்.

டிஸ்கைத் திரும்ப மாட்டி, எதில் பூட் ஆவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன், பூட் ஆகிவிட்டது. டெர்மினலில் யூநேம் -ஆர் (uname -r) கொடுத்து இப்போது ஓடும் கர்னல் எது என்று பார்த்துக்கொண்டு (அதை மட்டும் நீக்கிவிடாதீர்கள்), அதைவிடப் பழையவற்றை நீக்கி இடம் பண்ணி, புது கர்னலின் லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மாட்யூல்ஸ் பேக்கேஜ்களை ஆப்ட் இன்ஸ்டாலில் (apt install) --ரீஇன்ஸ்டால் (--reinstall) சேர்த்து மறுபடி போட்டதும் இனிட்ஆர்டி தானாக உருவாகிவிட்டது. ஹோம் ஃபோல்டரை இந்த வேலை தொடுவதே இல்லை. முந்தைய கர்னலும் எழாவிட்டால் லைவ் யூஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் உபுண்டு) ஏறி, குரூட் (chroot, டிஸ்கில் உள்ள இயங்குதளத்துக்குள் நுழையும் கட்டளை) வழியாக இதையே செய்யலாம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "லினக்ஸ் எல்லாம் நாங்க பாக்குறதில்லை சார்" என்கிறார். பார்க்காதவர் டிஸ்க் போச்சு என்று எப்படிச் சொன்னாராம்? பணம் திரும்பவில்லை. பில்லில் "பழுதான டிஸ்க் மாற்றம்" என்று அவரே கைப்பட எழுதியிருப்பதால், அதையும் சோதனை முடிவையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.