காட்பாடியில் விற்கும் 'டியூட்டி ஃப்ரீ' ரம்: வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்

காட்பாடி, காந்தி நகர், சத்துவாச்சாரி பக்கம் வீட்டில் நல்ல ரம் வாங்கிச் சேர்த்து வைப்பவர்கள் கவனத்துக்கு. 'துபாய் சரக்கு, டியூட்டி ஃப்ரீ விலை' என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் ஒருவனிடம் ஸகாபா 23 என்கிற குவாத்தமாலா ரம் வாங்கினேன். ஏழாயிரம் ரூபாய் போச்சு. பாட்டில் அசல், உள்ளே இருந்தது வேறு.

நம்ம வேலூர் ஜில்லாவில் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள். கேன்டீன் ரம் கல்யாணம், காதுகுத்து என்று கைமாறுவது புதுசில்லை. அதனால் 'தெரிஞ்ச ஆள் மூலமா வருது' என்றால் யாரும் பில் கேட்பதில்லை. இவன் தன்னையும் எக்ஸ் சர்வீஸ்மேன் என்றுதான் சொல்லிக்கொண்டான். ஓடைப்பிள்ளையார் கோயில் ஸ்டாப்பிங்கில் ஸ்கூட்டரில் வந்து, துணிப்பையோடு கொடுத்துவிட்டு, "இருபத்தி மூணு வருஷம் பீப்பாய்ல கிடந்தது சார், சாதா சரக்கு இல்ல" என்றான். ஸகாபாவில் 23 என்பது வயசே இல்லை. 6 முதல் 23 வருடம் வரை ஊறிய ரம்களை சொலேரா முறையில், அதாவது பழைய சரக்கோடு புதுசைப் படிப்படியாகச் சேர்த்து, கலக்கிறார்கள். குவாத்தமாலாவில் சுமார் 2,300 மீட்டர் உயர மலையில் ஊற வைப்பதால் மெதுவாக முதிர்கிறது. விற்கிறவனுக்கே இது தெரியவில்லை.

பில் கேட்டதற்கு 'ஈவ்னிங் அனுப்பறேன்' என்றான். அனுப்பவும் செய்தான். அது விஸ்கி பில்!

வீட்டுக்கு வந்து டியூப்லைட் கீழே வைத்துப் பார்த்தேன். பாட்டிலின் நடுவில் ஓலையில் பின்னிய பட்டை ஒன்று இருக்கும், ஸகாபாவின் அடையாளமே அதுதான். அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஃபெவிக்விக் போட்டால் பூக்குமே, அதேதான். பின்பக்கம் விரலால் தடவினால் செவ்வகமாகப் பிசுபிசுப்பு. இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த மாநிலத்தில் விற்பனைக்கு என்றெல்லாம் போட்ட ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடம். துபாயில் வாங்கின பாட்டிலுக்கு இந்தியா ஸ்டிக்கர் எதற்கு? யாரோ இங்கேயே வாங்கிக் குடித்துவிட்டுப் போட்ட காலி பாட்டில் அது. அடியில் லாட் நம்பரையும் காணோம். கார்க் மூடி வேறு, மறுபடி நிரப்புவது சுலபம். மேலே ஒரு ஷ்ரிங்க் கவர் மாட்டிச் சூடு காட்டினால் புதுசு மாதிரி ஆகிவிடும்.

மூடியைத் திறந்தால் பாயசத்துக்குப் போடும் எசென்ஸ் வாசனை. வாயில் வைக்கவில்லை. ஒரு சின்ன டம்ளரில் ஊற்றி ராத்திரி ஃப்ரீசரில் வைத்தேன். 40 சதவீத ஆல்கஹால் வீட்டு ஃப்ரீசரில் உறையாது, மைனஸ் 27 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் உறையும். காலையில் டம்ளர் முழுக்க ஐஸ் தூள். தண்ணீர் கலந்தது உறுதி. ஆனால் உறையவில்லை என்பதால் நல்ல சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹால் கலந்திருந்தாலும் உறையாது. கொளுத்தி நீல நெருப்பு பார்க்கும் வித்தையும் இதற்கு உதவாது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் செத்ததற்குக் காரணம் அந்த மெத்தனால்தான். குடித்தவர்களுக்குக் கண் மங்கினாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ காத்திருக்காமல் அடுக்கம்பாறை ஜி.எச்.சுக்கோ சி.எம்.சி.க்கோ ஓடுங்கள்.

போன் பண்ணினேன். "இன்னா சார், நம்ப ஆளுங்ககிட்டயே இப்டி பேசறீங்க" என்றான். அதற்கப்புறம் பிளாக்.

போலீஸில் சொல்லலாமே என்பீர்கள். லைசென்ஸ் இல்லாமல் விற்பது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். புகார் கொடுக்கப் போனால், உனக்கு அங்கே என்ன வேலை என்று நம்மையும்தான் கேட்பார்கள். அந்த பயத்தை முதலாக வைத்துத்தான் அவன் வியாபாரமே நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் டியூட்டி கட்டாமல் கொண்டுவரக்கூடியதே 2 லிட்டர்தான், அதுவும் சொந்த உபயோகத்துக்கு. அவன் அனுப்பும் படத்திலோ டஜன் கணக்கில் பாட்டில் நிற்கும்.

கலெக்‌ஷனுக்கு வேண்டும் என்றால் டாஸ்மாக் எலைட் கடையில் என்ன வருகிறது என்று பாருங்கள். இல்லையென்றால் ஏர்போர்ட்டில் சொந்தக்காரரை வாங்கச் சொல்லுங்கள், ஃபிளைட் நம்பர் போட்ட பில்லோடு.

இப்போது வேறு நம்பரில் வந்திருக்கிறான். ராணிப்பேட்டை குரூப்பில் டிப்ளமாட்டிகோ ரம்மும் எல் டொராடோ 15 ரம்மும் இருக்கிறதாம். படத்தில் பாட்டிலுக்குக் கீழே, எனக்கு அனுப்பின படத்தில் இருந்த அதே பச்சை ரெக்ஸின் விரிப்பு, இடது மூலையில் சிகரெட் சுட்ட ஓட்டை.