மதுரையில் நடந்து சாப்பிட வழிகாட்டி வேண்டுமா?

மதுரையின் சாப்பாட்டை அறிந்துகொள்ள இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி வழிகாட்டியோடு குழுவாக நடக்கலாம். காணொளிகளில் பார்த்த கடைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஒவ்வொன்றாகப் போய் இறங்கலாம். அல்லது யார் துணையும் இல்லாமல் நாமே நடக்கலாம். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவதில் நிலைத்துவிட்டவன் நான். அதனால் இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

செலவு பற்றிப் பேச அதிகம் இல்லை. தனியாக நடப்பதுதான் மலிவு. மொழியும் நமக்குச் சிக்கல் இல்லை. வழி தவறிவிடுமோ என்ற பயத்துக்கும் இந்த ஊரில் இடமில்லை. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. வீதிப் பெயருக்கு முன்னால் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று திசையும் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கே குழம்பி நின்றாலும் நிமிர்ந்து ஒரு கோபுரத்தைத் தேடிப் பிடித்தால் போதும்.

வழிகாட்டியோடு போவதில் உண்மையான லாபம் இரண்டு. ஒன்று, கதை. கீழமாரட் வீதியில், விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் ஜிகர்தண்டா குடிக்கிறோம். அந்தத் தூண், பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கவைத்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தப்பட்டது. அந்த வேலையில் இருந்த நில அளவையாளர் மாரட்டும் மேஸ்திரி பெருமாளும் இன்று வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள். இதை அங்கேயே ஒருவர் சொல்லக் கேட்பது சுகம்தான். ஆனால் இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாவது லாபம், பங்கு. ஆறு பேர் சேர்ந்து ஒரு தட்டைப் பகிர்ந்தால் எல்லாருக்கும் ஒரு வாய் கிடைக்கும். தனியாகப் போனால் முழுத் தட்டுதான்.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் தனி நடைக்குச் சாய்கிறேன் என்றால், காரணம் கடிகாரம். மதுரையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. தூங்கா நகரம் என்ற பெயரை நம்பி எந்த நேரத்திலும் எதுவும் கிடைக்கும் என்று வந்தால் ஏமாற்றம்தான். இட்லிக்கு விடிகாலை, தட்டில் பல நிறச் சட்னிகளோடு ஆவி பறக்க வந்தால்தான் அது மதுரை இட்லி. அயிரை மீன் குழம்புக்கு மதியம். விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனை உயிரோடு பாலில் விட்டு, வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கவைத்து, முழுதாகவே குழம்பில் போடுவார்கள். பொழுது சாயும்போது மேலச் சித்திரை வீதிப் பக்கம் கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பமும் காரச் சட்னியும். அதே நேரத்தில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்துகளில் கல்யாண முருங்கை இலையை அரைத்துச் சேர்த்த பச்சை வடை எண்ணெயில் உப்பிக்கொண்டிருக்கும். நாயக்கர் காலத்திலிருந்து இங்கே நெசவு நெய்துவந்த சௌராஷ்டிரர்களின் தெருக்கள் அவை. இருட்டிய பிறகு சிம்மக்கல் கோனார் கடைக் கறி தோசை: கீழே தோசை, நடுவே முட்டை, மேலே கொத்துக்கறி. அதற்கும் பிறகு கொத்துப் பரோட்டா. அதற்கு விலாசம் தேவையில்லை, கல்லில் விழும் கரண்டிச் சத்தமே வழி சொல்லும்.

இத்தனையையும் மாலையில் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் அடக்கப் பார்க்கிறது குழு நடை. காலை இட்லி அதில் இல்லை, மதியக் குழம்பு இல்லை. இருப்பதையும் அடுத்தடுத்து விழுங்க வேண்டும். அல்வா இறங்குவதற்குள் பருத்திப்பால் வந்து நிற்கும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அரிசிமாவும் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சிய பானம் அது. குடிப்பது என்று பெயரே தவிர, அரை வேளைச் சாப்பாடு. நான் சேர்ந்து போன குழுவில் நான்காவது கடைக்குப் பிறகு யாரும் ருசிக்கவில்லை, கடமையை முடித்துக்கொண்டிருந்தோம்.

தனியாக நடந்தால் அதே பண்டங்களை விடியலிலிருந்து நள்ளிரவு வரை பரப்பிக்கொள்ளலாம். இட்லிக்குப் பிறகு கீழ மாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் சூடுபிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நடந்தால் பசி திரும்பிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வெயில் தாழும்வரை அறையில் படுக்கலாம்; கோயில் நடையும் அப்போது சாத்தியிருக்கும். மாலையில் வண்டிகள் நுழையாத சித்திரை வீதிகளைச் சுற்றிவிட்டு அடுத்த கடை. இரண்டு கடைகளுக்கு நடுவே இப்படி நடப்பதும் சாப்பாட்டில் சேர்த்திதான், செரிமான மருந்தாக. ஆட்டோப் பட்டியல் தோற்பது இங்கேதான். கடையிலிருந்து கடைக்கு உட்கார்ந்தே போனால் பசி எங்கிருந்து வரும்? வழியில் தட்டுப்படும் தள்ளுவண்டியும் தவறிப்போகும்.

முழுத் தட்டுச் சிக்கலுக்கு என் வழி, இருவராகப் போவது. ஒரு கறி தோசையை இருவர் பகிர்ந்தால் யாரும் முறைப்பதில்லை. ஜிகர்தண்டாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், அதன்மேல் ஐஸ்கிரீம்; இது முதலில் உள்ளே போனால் மற்றதற்கு இடம் இருக்காது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரேமா விலாஸ் அல்வாவைச் சூடாக வாங்கினால் நின்ற இடத்திலேயே தின்றுவிடுவது நல்லது.

அதிகாலையில் நடத்தப்படும் குழு நடைகளுக்கு நான் போனதில்லை. அவற்றில் அவசரம் குறைவாக இருக்கலாம். தமிழ் தெரியாத நண்பர் கூட வந்தால் வழிகாட்டிக்கே பணம் கட்டச் சொல்வேன். வயதான பெற்றோரோடு வருகிறவர்களுக்கு ஆட்டோதான் சரி, ஆனால் ஒரு வேளைக்கு ஒரு கடை என்று வைத்துக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைகளோடு எது தோதுப்படும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, நான் அப்படிப் போனதில்லை.

தனி நடைக்கு ஒரு எல்லை உண்டு. வெளி வீதிகளுக்குள் இருப்பதற்கே அது பொருந்தும். அழகர்கோவில் சாலையில் அம்மா மெஸ், ஆவின் பக்கத்துப் பன் பரோட்டா எல்லாம் வைகைக்கு அக்கரையில். பாலத்தை மதிய வெயிலில் நடந்து கடக்கும் வீரம் வேண்டாம், பஸ் ஏறிவிடுங்கள்.