தபால் கண்காணிச்சு ஸ்டாம்ப் வாங்கின ஒம்பது வருஷம்: எனக்க அனுபவம்

எனக்க வீட்டுக்காரி நர்ஸ். அவளுக்கு வேலை கிடைச்சு 2012ல நாங்க தக்கலையில இருந்து இங்கிலாந்துல லெஸ்டருக்குப் போனோம், இப்போ திரும்பி ஊருக்கே வந்தாச்சு. அங்க இருக்கும்போ 2013ல இருந்து 2022 வரைக்கும் நான் ஒரு ஆராய்ச்சிக் கம்பெனிக்க பேனல்ல மெம்பரா இருந்தேன், தபால் எந்த நாள் போட்டா எந்த நாள் வந்து சேருதுன்னு பாத்து எழுதிக் குடுக்கணும், அதுக்கு கூலி காசு இல்ல, ஸ்டாம்ப். இதச் சொன்னா ஊர்ல எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "ஸ்டாம்ப வச்சு என்ன செய்ய?"

மொதல்ல வேலை என்னன்னு சொல்லிருதேன். மாசத்துக்கு இத்தனை கவர்னு நமக்க பேருக்கு வரும், பாத்தா சாதாரண தபால் மாதிரியே இருக்கும், ஒண்ணுல கையெழுத்துல அட்ரஸ், இன்னொண்ணு பேங்க் லெட்டர் மாதிரி ஜன்னல் வச்ச கவரு, பிரிச்சா உள்ள ஒரு நம்பர் போட்ட அட்டை. அந்த நம்பரையும் வந்த தேதியையும் ஆன்லைன்ல ஏத்தணும். சில மாசம் நாமளும் கவர் போடணும், எந்தக் கிழமைன்னு அவங்களே சொல்லிருவாங்க, தபால்பெட்டியில எழுதியிருக்கிற கடைசி எடுப்பு நேரத்துக்கு முன்ன போட்டுட்டு வரணும். ஊருக்கு லீவுல வந்தா முன்கூட்டியே சொல்லணும். தபால்காரருக்குத் தெரியப்படாது, வீட்டுல யாரும் தபால்ல வேலை பாக்கப்படாது. எனக்க அப்பா இங்க கிராமத்துல பிராஞ்ச் போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அதையும் ஃபார்ம்ல எழுதினேன், வேற நாடு, பரவால்லன்னுட்டாங்க.

இனி ஸ்டாம்ப் கதைக்கு வாறேன், இதுதான் முக்கியம். பிரிட்டன்ல 1989ல இருந்து விலை அச்சடிக்காத ஸ்டாம்ப் உண்டு. ராணி தலைக்குப் பக்கத்துல (2023ல இருந்து ராஜா தலை) ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லன்னா செகண்ட் கிளாஸ்னு மட்டும்தான் இருக்கும், ஃபர்ஸ்ட் சீக்கிரம் போறது, செகண்ட் மெதுவா போறது, பென்ஸ் கணக்கே கிடையாது. வாங்கின அன்னைக்கு என்ன விலையா இருந்தாலும் சரி, ஒட்டுற அன்னைக்கு அந்த கிளாஸுக்கு என்ன ரேட்டோ அதுதான் அதுக்க மதிப்பு. 2012 ஏப்ரல்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் 46 பென்ஸ்ல இருந்து ஒரே தாவு, 60 ஆச்சு. 2020ல 76, 2022ல 95, 2023 ஏப்ரல்ல 1.10 பவுண்ட், அதே அக்டோபர்ல 1.25, 2024 அக்டோபர்ல 1.65, 2025 ஏப்ரல்ல 1.70. எனக்கு மொதல்ல தந்தது ஆறு ஃபர்ஸ்ட் கிளாஸ் ஸ்டாம்ப் உள்ள ஒரு புக், 2013ல 3.60 பவுண்ட், அதையே ஒட்டாம வச்சிருந்தா 2025ல 10.20 பவுண்ட். பேங்க்ல போட்ட காசு இப்பிடி ஏறல. அதனால இந்த மாதிரி பேனல்ல சேருறவங்களுக்கு நான் சொல்றது, தாற ஸ்டாம்ப்ல விலை நம்பர் அச்சடிச்சிருக்கா, கிளாஸ் மட்டும் போட்டிருக்கான்னு மொதல்ல பாருங்க. கிளாஸ் போட்டதுன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்.

ஒரு சங்கடம் வந்திச்சு, 2022ல. இனி பார்கோடு உள்ள ஸ்டாம்ப்தான், பழைய சாதாரண ராணி தலை ஸ்டாம்ப் 2023 ஜனவரி 31க்குப் பிறகு செல்லாதுன்னு அங்கத்த தபால் கம்பெனி ராயல் மெயில் அறிவிச்சுது, பிறகு ஜூலை 31 வரைக்கும் தவணை குடுத்தாங்க. நான் பெட்டியத் திறந்து எண்ணுனேன், கிட்டத்தட்ட இருநூறு ஸ்டாம்ப், ஒம்பது வருஷ வேலை, வயிறு கலங்கிருச்சு. ஆனா அதுக்கு மாத்திக் குடுக்கிற வழி வச்சிருந்தாங்க, ஃபார்மோட சேத்து அனுப்பினேன், ஒண்ணுக்கு ஒண்ணு புதுசு வந்துது. படம் போட்ட நினைவு ஸ்டாம்பும் கிறிஸ்மஸ் ஸ்டாம்பும் மாத்தவே வேண்டாம், அது அப்பிடியே செல்லும், இது தெரியாம பலபேரு அதையும் அனுப்பிட்டாங்க.

இதப் பாக்கும்போ எனக்கு எங்க தாத்தாவுக்க டிரங்குப் பெட்டிதான் ஞாபகம் வந்திச்சு. அதுல ஒரு கவர் உண்டு, மூலையில சங்கு முத்திரை ஸ்டாம்ப், மதிப்பு சக்கரம்ங்கிற பழைய காசுல போட்டிருக்கும். எங்க பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம்தானே, 1888ல இருந்து சங்கு போட்ட சொந்த ஸ்டாம்ப், அஞ்சல்னு சொந்தத் தபால், 28 சக்கரம் சேந்தா ஒரு சர்க்கார் ரூபா. 1951ல அஞ்சல் இந்தியத் தபாலோட சேந்துது, அந்த ஸ்டாம்பு எல்லாம் ஆல்பத்துக்குப் போயாச்சு. அதுக்கு மாத்திக் குடுக்க இப்போ எந்தக் கவுண்டரும் கிடையாது.

ஆராய்ச்சிக் கம்பெனியப் பத்திக் குறை ஒண்ணு உண்டு. ஒரு வருஷம் நாலு மாசமா ஸ்டாம்ப் வரவே இல்ல, மூணு மெயில் போட்ட பிறகுதான் மொத்தமா அனுப்பினாங்க. அதுபோக சைட்ல தேதி ஒரு தடவ ஏத்திட்டா திருத்த முடியாது, போன் பண்ணித்தான் மாத்தணும், அது ரொம்ப எரிச்சல்.

ஆனா தேதி விஷயத்துல நான் விட்டுக்குடுத்ததே இல்ல. ஒரு தடவ சனி ஞாயிறு வெளியூர் போயிட்டு திங்கக்கிழம வந்தா கதவுக்குக் கீழ கவர் கிடக்கு, சனியா வந்துதா திங்களா வந்துதா தெரியல, தெரியலன்னே எழுதினேன். அப்பாகிட்ட படிச்சது அது. சின்னப் பிள்ளையில அவரு பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், காலையில ஆபீஸ் திறந்ததும் மொத வேலை தேதி முத்திரையில குட்டி எழுத்த ஊசியால எடுத்து மாத்துவாரு, மை பேடுல ரெண்டு தட்டு, பழைய பேப்பர்ல ஒரு குத்து, கண்ணுக்குப் பக்கத்துல வச்சு தேதி தெளிஞ்சிருக்கான்னு பாத்த பிறகுதான் தபால்ல குத்துவாரு. "லே, கோர்ட்டுல இந்த முத்திரையத்தான் பாப்பான்"னு சொல்லுவாரு. இங்கிலாந்துல ஃபர்ஸ்ட் கிளாஸ் தபால்ல 93 சதவீதம் மறு வேலைநாளே சேரணும்னு அப்போ விதி. 2022-23ல 73.7தான் வந்துதுன்னு, தபாலக் கண்காணிக்கிற அரசு அமைப்பு ஆஃப்காம் 2023 நவம்பர்ல ராயல் மெயிலுக்கு 56 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டுது. இந்த சதவீதம் எல்லாம் சாதாரண வீடுகள்ல தேதி எழுதுற ஆட்களுக்க கணக்குல இருந்து வாறதுதான், நாம ஒரு நாள் மாத்தி எழுதினா அது பொய்க் கணக்கு.

மொத்தத்துல கேட்டா, கொள்ளாம். மாசம் ஒரு மணிக்கூர் வேலை, ஒம்பது வருஷமா கிறிஸ்மஸ் கார்டுக்கு ஒரு பென்ஸ் செலவு இல்ல. வாடகைக்கோ சாமானுக்கோ ஆகாது, அத எதிர்பாத்து சேராதீங்க. தபாலே போடாத வீடுன்னா வேண்டாம்.

மிச்ச ஸ்டாம்ப் எல்லாம் அங்க படிக்கிற மவன்கிட்ட இருக்கு. போன மாசம் அவன் அம்மைக்குப் பிறந்தநாள் கார்டு அனுப்பினான், அதே பார்கோடு ஸ்டாம்ப் ரெண்டு ஒட்டி. தக்கலைக்கு வந்து சேர 19 நாள் ஆச்சு. வீட்டுக்காரி கார்ட வாசிச்சிட்டு இருந்தா, நான் கவர வாங்கி போட்ட தேதியும் வந்த தேதியும் பழைய நோட்டுல எழுதி வச்சேன்.