ஃப்ரெஷ்டெஸ்க் டிக்கெட்டும் கிட்ஹப் இஷ்யூவும்: மூன்று வருடம் இணைத்து ஓட்டிய அனுபவம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில், கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் சிறிய நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவையைப் பார்த்துக்கொள்கிறேன். கடைக்காரர்களின் புகார்கள் எனக்கு ஃப்ரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருளில் டிக்கெட்டாக வரும். டெவலப்பர்கள் திறந்து வைத்திருப்பது கிட்ஹப் இஷ்யூவை, அதாவது நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் பிழைகளைக் குறித்து வைக்கும் பதிவை. இரண்டையும் இணைக்க மூன்று வருடத்தில் இரண்டு வழிகளைப் பயன்படுத்திவிட்டோம்.

முதலில் எடுத்தது மாத வாடகைக்குக் கிடைக்கும் ஓர் இணைப்புச் சேவை. இருவழியிலும் எல்லாம் போகும் என்றார்கள், ஒரே மதியத்தில் பொருத்திவிட்டோம். எல்லாம் போவதில் என்ன ஆபத்து என்பது பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் போன் செய்த அன்றுதான் புரிந்தது.

அவர் பாகூர் கடை ஒன்றுக்குச் சரக்கு அனுப்பியிருந்தார். பண்ருட்டி தமிழ்நாடு, ஜிஎஸ்டி குறியீடு 33. பாகூர் புதுச்சேரி, குறியீடு 34. ஆகவே பில்லில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி விழ வேண்டும். எங்கள் மென்பொருள் ஒரே மாநிலத்துக்குள் விற்றதுபோல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டது. டெவலப்பர் இஷ்யூவில், ‘பயனர் மாநிலத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருப்பார்’ என்று தன் சகாவுக்கு எழுதினார். அந்த வரி அப்படியே வியாபாரிக்கு மின்னஞ்சலாகப் போய்விட்டது.

“ஏம்மா, பதினெட்டு வருஷமா பாகூருக்குச் சரக்கு போடுறேன். அது எந்த மாநிலம்னு எனக்குத் தெரியாதா?”

அவர் கேட்டது நியாயம். பின்கோடு 607 என்று தொடங்கினாலே தமிழ்நாடு என்று எங்கள் நிரல் எடுத்துக்கொண்டிருந்தது. பாகூருக்கும் 607தான். அன்று மாலையே இணைப்பை நிறுத்திவிட்டு, அவரிடம் மன்னிப்புக் கேட்டு நானே எழுதினேன்.

அப்புறம் வெப்ஹுக் (ஒரு பக்கம் ஏதாவது நடந்ததும் தானாக வரும் தகவல்), ஏபிஐ (ஒரு மென்பொருளை இன்னொரு நிரல் இயக்கும் வழி) வைத்து நாங்களே சின்னதாக ஒன்று எழுதினோம். இன்றுவரை ஓடுவது அதுதான். பிழை என்று உறுதியானதும் நான் டிக்கெட்டில் ஒரு டேக் போடுவேன், இஷ்யூ உருவாகும். அதில் பிரச்சினையும் டிக்கெட் லிங்க்கும் மட்டும் இருக்கும், கடைக்காரரின் பெயரோ போன் நம்பரோ போகாது. டெவலப்பர் இஷ்யூவை மூடினால் டிக்கெட்டில் ஒரு நோட் விழும். ஃப்ரெஷ்டெஸ்க் ஏபிஐயில் நோட் இயல்பாகவே பிரைவேட், வாடிக்கையாளர் கண்ணில் படாது. கூடவே டிக்கெட்டின் நிலை ‘சரிபார்க்கவும்’ என்று மாறும்.

டிக்கெட் தானாக மூடப்படக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இஷ்யூ மூடப்பட்டால் நிரல் திருந்திவிட்டது என்றுதான் பொருள். கடையில் இருக்கும் கணினிக்கு அப்டேட் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருளில்லை. பின்கோடு பிழை மூடப்பட்ட அன்று அதோடு கட்டியிருந்த 11 டிக்கெட்டும் ஒன்றாக என் பட்டியலில் வந்தன. அப்டேட் வெளியானதும் ஒவ்வொருவரிடமும் பழைய பில்லைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

எங்கள் ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. வெப்ஹுக்கை வாங்கும் கணினி அலுவலகத்திலேயே இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழைநீர் வடிந்து, மின்சாரம் வந்து, கணினியை எழுப்ப நான்கு நாள் ஆனது. அதற்குள் வெளியூரிலிருந்து வேலை பார்த்த டெவலப்பர் மூடிய இஷ்யூக்கள் எதுவும் டிக்கெட்டில் வந்து சேரவில்லை. போய்ச் சேராத வெப்ஹுக்கை கிட்ஹப் தானாகத் திரும்ப அனுப்பாது. நாமாகக் கேட்டு வாங்குவதற்கும் 3 நாள்தான் கெடு. இப்போது வெப்ஹுக் வாங்குவதை மேகச் சேவைக்கு மாற்றிவிட்டோம். அதோடு தினமும் இரவு இரு பக்கத்தையும் ஏபிஐ வழியாக ஒப்பிட்டு, விட்டுப்போனதைப் பிடிக்கிறோம்.

வாடகை மிச்சம்தான், ஆனால் இதைப் பராமரிக்க மாதம் அரை நாள் டெவலப்பர் நேரம் போகிறது. அந்த நேரம் இல்லாதவர்கள் வாடகைச் சேவையே எடுக்கலாம். காசு கட்டுவதற்கு முன், உங்கள் சொந்த மின்னஞ்சலில் ஒரு டிக்கெட் போட்டு, இஷ்யூவில் நாலு வரி எழுதி, உங்களுக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். இணைப்பை ஒரு நாள் அணைத்து வைத்து, இடையில் ஓர் இஷ்யூவை மூடி, திரும்ப இயக்கியும் பாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் இன்னும் கையால்தான் ஏற்றுகிறேன். பில்லில் வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் இருக்கும். அதை மறைத்த பிறகே இஷ்யூவில் போடுகிறேன்.