தருமபுரியில் கான்டாக்ட் லென்ஸ் வாங்கப் போனால் கேட்பது பவர் மட்டும்தான்

"பவர் எவ்ளோண்ணா?" தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கண்ணாடிக் கடையில் கேட்ட ஒரே கேள்வி இதுதான். மைனஸ் ஆறு என்றதும் அலுமினிய மூடி போட்ட குட்டி பாட்டில் ரெண்டு மேஜைக்கு வந்துவிட்டது. ஒரே ஜோடியை ஒரு வருஷம் போடும் கான்டாக்ட் லென்ஸ். "நைட்டு போட்டுட்டே தூங்கலாம்ண்ணா, ஒண்ணும் ஆவாது." முன்பெல்லாம் இதே தெருவில் மரப்பெட்டியைத் திறந்து, சில்லு சில்லாக மாற்றி, "இப்ப நல்லாருக்கா, முன்ன நல்லாருந்துச்சா?" என்று அரை மணி நேரம் உயிரை எடுப்பார்கள். அந்தப் பொறுமை எங்கே போனதோ!

அமெரிக்காவில் செல்லுபடியாகும் டாக்டர் சீட்டு இல்லாமல் லென்ஸ் விற்கக் கூடாது. சீட்டு காலாவதியானால் மறுபடி டாக்டர், மறுபடி டாலர். அங்கே அதைத் திட்டாத நம்ம ஆள் கிடையாது. இந்த பாட்டில்களைப் பார்த்தபின் திட்ட மனசு வரவில்லை.

கோளாறு பவரிலேயே தொடங்குகிறது. கண்ணாடி கண்ணுக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கும், லென்ஸ் கருவிழி மேலேயே உட்காரும். அதனால் கண்ணாடியில் -6.00 என்றால் லென்ஸில் -5.50 போதும். 4-க்கு மேல் போனாலே இந்தக் கழிவு பார்க்க வேண்டும். கருவிழியின் வளைவைக் கெரட்டோமீட்டரில் அளக்கவும் இல்லை. லென்ஸ் இறுக்கமாக உட்கார்ந்தால் இமைக்கும்போது நகராது, அடியில் கண்ணீர் தேங்கும்.

"நைட்டு தூங்கலாம்" என்ற பேச்சுதான் வயிற்றைக் கலக்கியது. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. ஆக்சிஜன் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக வர வேண்டும். லென்ஸே இல்லாமல் தூங்கினாலும் காலையில் கருவிழி 4 சதவீதம் போல வீங்கியிருக்கும், விழித்ததும் வடியும். லென்ஸ் எவ்வளவு ஆக்சிஜன் விடுகிறது என்பதை டிகே/டி என்ற எண்ணால் சொல்வார்கள். ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1984-ல் கணக்கிட்டபடி பகலுக்கு 24, இரவுக்கு 87 வேண்டும். 38 சதவீத நீர் கொண்ட பழைய ஹெமா என்ற மென்பிளாஸ்டிக் லென்ஸ், 0.06 மில்லிமீட்டர் தடிமனில் 14 பக்கம்தான் தேறும். பகலுக்கே பத்தாது! மைனஸ் பவரில் நடு மெலிந்து ஓரம் தடிக்கும். மூச்சு முட்டுவது ஓரத்தில்தான் அதிகம், அங்கிருந்துதான் ரத்தக்குழாய்கள் கருவிழிக்குள் நுழைகின்றன. வலி இருக்காது, அதனால் ஆண்டுக்கணக்கில் தெரியவும் தெரியாது.

ஆக்சிஜன் தாராளமாக விடும் சிலிக்கான் ஹைட்ரஜெல் லென்ஸ் கேட்டால் ஆர்டர் போட வேண்டுமாம். போடச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் டிகே/டி 100 பக்கமோ அதற்கு மேலோ இருக்கும். மூச்சுத் திணறல் தீரும், ஆனால் தூங்கினால் கிருமித் தொற்று அபாயம் அதிலும் உண்டு. செமி-சாஃப்ட் என்று கடையில் சொல்லும் ஆர்ஜிபி, அதாவது ஆக்சிஜன் விடும் கெட்டி லென்ஸ், கருவிழியைவிடச் சின்னது, இமைக்க இமைக்க அடியில் புதுக் கண்ணீர் மாறும். பழக ரெண்டு வாரம் உறுத்தும். சிலருக்குக் கடிகார முள்ளின் 3 மணி, 9 மணி பக்கங்களில் கருவிழி காய்ந்து, டாக்டர் சோதிக்க விடும் ஃப்ளூரசின் சாயத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். கருவிழியின் வடிவத்தையும் கொஞ்சம் அழுத்தி மாற்றும் என்பதால் லேசர் சிகிச்சைக்கு முன் சில வாரம் கழற்றியே வைக்கச் சொல்வார்கள்.

கூடவே ஒரு யோசனையும் இலவசமாகக் கிடைத்தது: சொல்யூஷன் தீர்ந்தால் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொள்ளலாமாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரானாலும், காய்ச்சி ஆறவைத்ததானாலும் கூடவே கூடாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் கிருமி, உறைக்குள் அடங்கிய கூட்டு நிலையில் குளோரினுக்குச் சாகாது. கிணற்றில் குதிக்கும் முன்பும், ஒகேனக்கலில் எண்ணெய் மசாஜுக்குப் படுக்கும் முன்பும் லென்ஸைக் கழற்றிவிடுங்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் உடனே கழற்றுங்கள். லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கண் டாக்டரிடம் எடுத்துப் போங்கள், கிருமி வளர்த்துப் பார்க்க உதவும். மெடிக்கலில் செவப்புக்கு என்று நீட்டும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பு வடியும், உள்ளே புண் ஆழமாகும்.