கன்சல்டன்சி காட்டும் செலவு ஒப்பீட்டுத் தாளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

வெளிநாட்டில் முதுகலை படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கன்சல்டன்சிக்குப் போனால் முதலில் ஒரு தாளை நீட்டுவார்கள். இடதுபக்கம் உள்நாட்டுச் செலவு, வலதுபக்கம் வெளிநாட்டுச் செலவு, அடியில் கூட்டுத்தொகை. "பாருங்க அங்கிள், வித்தியாசம் ரொம்பக் கம்மிதான்" என்று அப்பாவிடம் சொன்னார்கள். தம்பிக்கு பிரிட்டனில் ஒரு வருட முதுகலை என்று முடிவானது அந்தத் தாளை வைத்துத்தான். அது இப்போது என் கையில் இருக்கிறது. உங்களிடம் நீட்டப்படுவதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

முதலில் உள்நாட்டுப் பக்கம். தம்பி வாங்கிய மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும். தாளில் போட்டிருந்ததோ தனியார் பல்கலைக்கழகக் கட்டணம். வீட்டிலிருந்தே போய்வரலாம், ஆனாலும் விடுதிச் செலவு சேர்த்தி. அதோடு விடவில்லை. இங்கே இரண்டு வருடம், அங்கே ஒரே வருடம், ஆகவே 'ஒரு வருடச் சம்பள இழப்பு' என்று ஒரு பெரிய தொகை உள்நாட்டுக் கணக்கில் ஏறியிருந்தது. அதாவது, அங்கே படித்து முடித்த மறுநாளே வேலை கிடைத்துவிடுமாம்! அந்த நம்பிக்கைக்கும் நம் பக்கத்தில்தான் பில்.

வெளிநாட்டுப் பக்கத்தில் இருந்தவை மூன்றே வரிகள்: கல்விக் கட்டணம், 'ஸ்காலர்ஷிப்' கழிவு, தங்கும் செலவு. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டவேண்டிய சுகாதாரக் கட்டணம் தாளில் எங்குமே இல்லை. மாணவர்களுக்கு அது வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புதானே, 776 என்று நினைத்தால் அதுவும் தப்பு. படிப்பு முடிந்தபின் நான்கு மாதம் சேர்த்து விசா தருகிறார்கள், அந்த மாதங்களுக்கும் அரை வருடக் கணக்கில் பிடிப்பார்கள். ஆக மொத்தம் 1,164 பவுண்டு, முன்கூட்டியே, ஒரே தவணையில். இதைக் கேட்டபோது கன்சல்டன்சியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர், "அது கவர்ன்மென்ட் ஃபீஸ் மேடம், எங்க கணக்குல வராது" என்றார். விசாக் கட்டணத்துக்கும் இதே பதில்தான். யார் வாங்கினால் என்ன, நம் பையிலிருந்துதானே போகிறது?

எனக்கு அதிகம் கோபம் வந்தது வேறொன்றுக்கு. தங்கும் செலவுக்கு நேராக 'பார்ட் டைம் வருமானம்' என்று ஒரு தொகை, அதை மொத்தச் செலவிலிருந்து கழித்தே விட்டார்கள். பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்கள் அங்கே படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பது உண்மை. அது உச்சவரம்பு, அவ்வளவுதான். அத்தனை மணி நேரமும் வேலை கிடைக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. இவர்களோ வருடத்தின் எல்லா வாரத்துக்கும் 20 மணி நேரம் போட்டு, கோடை மாதங்களுக்கு முழுநேர வேலை என்று கணக்கெழுதியிருந்தார்கள். முதுகலைக்காரர்களுக்கு அந்த மாதங்கள் பெரும்பாலும் ஆய்வறிக்கை எழுதும் காலம். அதுவும் படிப்புக் காலம்தான், 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. கணக்கை நம்பி அதிகம் உழைத்தால் விசா விதியை மீறிய குற்றம் பையன் தலையில் விழும், கவுன்சிலர் தலையில் அல்ல. அந்த நாட்டு விசா அதிகாரியே, இனிமேல் சம்பாதிக்கப் போகும் பணத்தைக் கையிருப்பாக ஏற்பதில்லை. கன்சல்டன்சி மட்டும் ஏற்றுக்கொண்டது.

கையிருப்பு என்றதும் அடுத்தது. கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு ஒன்பது மாதப் பணத்தை வங்கியில் காட்ட வேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171. ஒன்பது மாதத்துக்கு லண்டனில் 13,761 பவுண்டு. அது கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். இதை எங்களிடம் சொன்னதே கல்லூரிக்கு முன்பணம் கட்டிய பிறகுதான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பணம் காட்டுறதுக்கு நமக்கு ஆள் இருக்காங்க, வட்டி மட்டும் குடுத்தா போதும்" என்றார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்யான ஆவணம் கொடுத்ததாகத் தெரிந்தால் பத்து வருடம் வரை விசா மறுக்கப்படலாம்.

நாணய மாற்று விகிதத்திலும் விளையாட்டு உண்டு. தாளில் இருந்தது இணையத்தில் தேடினால் வரும் விகிதம், அதுவும் பழையது. வங்கி விற்கும் விகிதம் எப்போதும் அதைவிடக் கூடுதல். கட்டணத் தொகை பெரியது என்பதால் சின்ன வித்தியாசமே நன்றாகக் கடிக்கும்.

சரி, இவ்வளவு அக்கறையாக ஏன் பிரிட்டனையே தள்ளுகிறார்கள்? பல பல்கலைக்கழகங்கள் ஏஜென்டுக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகத் தருகின்றன. 'ஆலோசனை இலவசம்' என்று பலகை வைக்க முடிவது அதனால்தான். தம்பி ஜெர்மனியைப் பற்றிக் கேட்டபோது, "அங்க மொழி கஷ்டம்" என்று ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டார்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வசூலிக்கிறது. மற்றபடி விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும், அதுவும் மாதம் 992 ஆக நமக்கே திரும்பி வரும் பணம். கட்டணம் இல்லாத இடத்தில் கமிஷன் எங்கே? ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலை வகுப்புகள் அங்கே ஏராளம் என்பதையும் அந்தக் கவுன்சிலர் வாயே திறக்கவில்லை.

விடுபட்டதையெல்லாம் சேர்த்தபின் கூட்டுத்தொகை எங்களால் தாங்க முடியாத இடத்துக்குப் போனது. தம்பி விலகிக்கொண்டான். "கேட்டா திருப்பித் தருவாங்க" என்று வாயால் சொல்லப்பட்ட முன்பணம், பல்கலைக்கழக விதிப்படி விசா மறுக்கப்பட்டால் மட்டும்தான் திரும்பும், மனம் மாறினால் இல்லை. அதற்குள் உள்நாட்டுச் சேர்க்கையும் முடிந்து ஒரு வருடம் போயிற்று. அந்தச் 'சம்பள இழப்பு' வரியை இப்போது எந்தப் பக்கம் எழுதுவது என்று கவுன்சிலரிடம் கேட்டேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

இன்னொன்று. அசல் சான்றிதழ்களை 'சரிபார்க்க' என்று வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது 'சர்வீஸ் சார்ஜ்' கட்டினால்தான் தருவோம் என்றார்கள். காவல்நிலையத்தில் புகார் கொடுப்போம் என்று எழுத்தில் அனுப்பியபின்தான் கைக்கு வந்தன. விண்ணப்பத்துக்கு ஸ்கேன் செய்த பிரதி போதும். அசலைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.